செலிமியே: சாக்கடை வழியாக ஒரு பாரக்ஸ் வரலாறு
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய இராணுவக் கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டவர்கள், நான் ஜார்ஜ் கோட்டையையோ வேலூரையோ எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது இஸ்தான்புல் நகரத்தில் இருக்கிற செலிமியே பாரக்ஸ். நம் ஊருக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. அது பேச்சினிடையே தானாக வரும்.

இஸ்தான்புல்லின் எமினோனு துறையில் படகேறி ஆசியக் கரையில் உள்ள காடிகோய்க்குப் போகிறவர்களுக்கு இடப்பக்கம் ஒரு கட்டடம் தெரியும். தெரியும் என்று சொல்வதுகூடக் குறைவு. அந்தப் பக்கம் பார்த்தால் வேறெதுவும் கண்ணில் படாது. மேட்டின் மேல் நீண்ட சுவர், வரிசை தப்பாத சன்னல்கள், நான்கு மூலைகளிலும் கூர்முனைக் கோபுரங்கள். அரண்மனை என்று நினைத்துப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. அரண்மனைகள் எதிர்க்கரையில் இருக்கின்றன. இது சிப்பாய்கள் தங்கக் கட்டியது.

கட்டடத்தின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 267 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம். நடுவே அணிவகுப்பு மைதானம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் அடைத்து நிற்கும் கட்டடம். மூன்று பக்கங்களில் மூன்று தளங்கள். நிலம் சரிவாக இருப்பதால் கிழக்குப் பக்கத்தில் இரண்டு. மூலைக் கோபுரங்கள் ஏழு அடுக்கு. வெளிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் 934 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். இந்தக் கணக்கு நமக்குப் பிறகு வேண்டியிருக்கும்.

கட்டடக்கலை பற்றிய பேச்சுகளில் முகப்பையும் தூணையும் வளைவையும் பேசி முடித்துவிடுகிறோம். சாக்கடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செலிமியேயில் நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் கோபுரத்தைவிட அதன் கழிவுநீர்க் குழாய் நமக்கு அதிகம் உதவும். இன்று நான் சொல்ல வந்த சங்கதி இது ஒன்றுதான்.

இதைக் கட்ட நினைத்தவர் சுல்தான் மூன்றாம் செலிம். 1789இல் அரியணை ஏறியவர். நல்ல இசைஞர், புல்லாங்குழல் வகையைச் சேர்ந்த நேய் வாசிப்பார், புதிய இராகங்கள் அமைத்தார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே ஆண்டில் பட்டத்துக்கு வந்தவருக்கு, ரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்றுக்கொண்டிருந்த ஒரு படை வாய்த்தது. அந்தப் படையின் முதுகெலும்பு ஜானிசரிகள். ஒரு காலத்தில் ஐரோப்பாவே நடுங்கிய காலாட்படை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவர்கள் பாதி வணிகர்களாகிவிட்டார்கள். கல்யாணம், குடும்பம், கடை, காப்பிக் கடையில் அரசியல். அவர்களுடைய பாசறைகள் பழைய நகரத்தின் நடுவே, சந்தைக்கும் மசூதிக்கும் பக்கத்தில் இருந்தன. சுல்தானைப் பிடிக்காவிட்டால் சாப்பாட்டுக் கொப்பரையை மைதானத்துக்குத் தூக்கிவந்து கவிழ்ப்பார்கள். அரண்மனைக்கு அது போதுமான சேதி. அரியணையிலிருந்து சிலர் இறங்கியதே அந்தக் கொப்பரை கவிழ்ந்ததால்தான்.

செலிம் அவர்களோடு நேருக்கு நேர் மோதவில்லை. பக்கத்திலேயே வேறொரு படையை வளர்த்தார். நிஸாம்-இ ஜெதித், புதிய ஒழுங்கு என்று அதற்குப் பெயர். ஐரோப்பியப் பயிற்சி, ஐரோப்பிய பாணிச் சீருடை. இந்தப் புதிய சிப்பாயை எங்கே தங்கவைப்பது? நகரத்துக்குள் வைத்தால் ஆறு மாதத்தில் அவனும் கடை போட்டுவிடுவான். எனவே முதல் பாரக்ஸ் ஊருக்கு வடக்கே வெகுதூரத்தில் இருந்த லெவெந்த் பண்ணையில் எழுந்தது. இன்று அதே லெவெந்தில் வங்கிகளின் வானுயரக் கட்டடங்கள் நிற்கின்றன. அடுத்தது கடலுக்கு அந்தப் பக்கம் உஸ்குதாரில். ஆங்கிலேயர் ஸ்கூட்டாரி என்று எழுதியது இந்த உஸ்குதாரைத்தான். பழைய அரண்மனைத் தோட்டம் ஒன்று இருந்த இடத்தில், 1800ஐ ஒட்டி, மரத்தால் ஒரு பெரிய பாரக்ஸ் கட்டினார்கள். பால்யன் என்ற ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் குடும்பம் ஒட்டோமான் சுல்தான்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தது. இந்தக் கட்டடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது அந்தக் குடும்பத்துக் கிரிகோர் பால்யனின் பெயர்.

செலிம் பாரக்ஸோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மசூதி, குளியல் கூடம், அச்சகம், கடைகள், கட்டம் போட்டாற்போல் நேராக ஓடும் தெருக்கள். வளைந்து நெளிந்த சந்துகளே தெருவாக இருந்த ஊரில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்த ஒரு பேட்டை. பாரக்ஸை நகரத்திலிருந்து பிரித்துவிட்டு, அந்தப் பாரக்ஸுக்கென்று தனியாக ஒரு சிறு நகரத்தைப் படைத்தார். சிப்பாய் எதற்காகவும் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஜானிசரிகளுக்கும் அது நன்றாகவே புரிந்துபோயிற்று. 1807 மே மாதம், பாஸ்பரஸ் கோட்டைகளில் காவல் இருந்த துணைப்படையினர் புதிய சீருடையை அணிய மாட்டோம் என்று கலகம் செய்தார்கள். கபாக்சி முஸ்தஃபா என்பவர் தலைமை. சில நாட்களில் செலிம் அரியணையை இழந்தார். அடுத்த ஆண்டு உயிரையும் இழந்தார். அந்தக் கலகங்களின் தீயில் மரப் பாரக்ஸும் போயிற்று.

செலிமுக்குச் சிறிது காலம் கழித்துப் பட்டத்துக்கு வந்தவர் இரண்டாம் மஹ்மூத். அவர் பொறுமைசாலி. 18 ஆண்டுகள் காத்திருந்தார். 1826 ஜூன் 15 அன்று ஜானிசரிகள் மறுபடி கொப்பரையைக் கவிழ்த்தபோது, அவர்களுடைய பாசறைகளைப் பீரங்கியால் அடித்து எரித்தார். ஒரே நாளில் பல நூற்றாண்டுப் படை ஒன்று இல்லாமல் போனது. ஒட்டோமான் வரலாற்றில் அதற்கு ‘மங்கல நிகழ்ச்சி’ என்று பெயர். செத்தவர்களின் கணக்கைப் பார்த்தால் மங்கலம் என்று சொல்ல வாய் வராது. அது இருக்கட்டும். மஹ்மூதின் காலத்தில் உஸ்குதார் பாரக்ஸ் இம்முறை கல்லால் எழுந்தது. 1828 தொடக்கத்தில் வேலை முடிந்தது. அவர் மகன் அப்துல்மஜீத் காலத்தில் 1842–43லும் 1849–50லும் இரண்டு முறை விரிவாகப் புதுப்பித்தார்கள். மூலைக் கோபுரங்கள் அப்போது வந்தவை.

இந்த ஆண்டுகளை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். 1854இல் கிரிமியப் போருக்காகப் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியபோது இந்தக் கட்டடம் இன்றைய உருவத்தைப் பெற்று நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பாழடைந்த துருக்கியக் கட்டடம் என்று ஆங்கிலப் புத்தகங்கள் எழுதுவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி தீயில் கெட்டிருந்தது உண்மை. மற்றபடி அது அந்நாளைய ஐரோப்பாவின் பெரிய நவீனப் பாரக்ஸ்களோடு சமமாக வைக்கத் தக்கது.

இப்போது உள்ளே போவோம்.

நான்கு பக்கமும் மூடிய சதுரம் எதற்காக? கட்டுப்பாட்டுக்காக. வாசலை அடைத்துவிட்டால் ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே கண்பார்வைக்குள். மைதானத்தில் நின்று ஓர் அதிகாரி எல்லாத் தாழ்வாரங்களையும் பார்க்கலாம். முற்றத்தைச் சுற்றி அகலமான தாழ்வாரம், அதிலிருந்து பிரியும் அறைகள். அறைகளில் சுவரை ஒட்டி மரத்தில் உயர்த்திய மேடைகள். படுக்கையும் உட்காருவதும் அதன்மேல்தான். காலையில் ஆள் எழுந்து வெளியே போய்விடுவான். பகல் முழுவதும் பயிற்சி, வெயில், காற்று. இரவில் தூங்க மட்டும் வருவான். ஆரோக்கியமான இளைஞன் ஒருவன் எட்டு மணி நேரம் தங்க இந்த அமைப்பு போதும்.

படுத்த படுக்கையாக இருபத்து நான்கு மணி நேரமும் அங்கேயே கிடக்கிற நோயாளிக்கு இது எப்படி இருக்கும்? அறைக்குச் சன்னல் வெளிப்பக்கம் மட்டும், மறுபக்கம் தாழ்வாரம். குறுக்கே காற்று ஓடாது. ஓர் அறையின் கெட்ட காற்று தாழ்வாரத்துக்கு வந்து அடுத்த அறைக்குள் போகும். முற்றத்தின் காற்றும் நான்கு சுவருக்குள் சிக்கிக் கிடக்கும்.

கிரிமியப் போரின் காரணங்களுக்குள் நான் போகப்போவதில்லை. ரஷ்யாவுக்கு எதிராகத் துருக்கியோடு பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்தன. சண்டை கருங்கடலின் வடகரையில். 1854 செப்டம்பர் 20 அன்று அல்மா போர். காயம்பட்டவர்களையும் காலரா கண்டவர்களையும் கப்பலில் ஏற்றிக் கருங்கடலைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். துருக்கி அரசு பிரிட்டிஷாருக்கு அருகிலிருந்த தன் இராணுவ மருத்துவமனையைத் தந்தது. அது நிரம்பியதும் பாரக்ஸும் மருத்துவமனை ஆனது. பெயர்ப்பலகை மாறியது, கட்டடம் மாறவில்லை. நோயாளிகளை இறக்க ஒழுங்கான துறைகூட இல்லை. செங்குத்தான மேட்டில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியரோடு நவம்பர் 4 அன்று வந்து சேர்ந்தார். மறுநாள் இன்கர்மன் போர். அவர்களுக்குக் கோபுர மூலை ஒன்றில் சில அறைகள் ஒதுக்கினார்கள். வந்த பத்து நாளில் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார்: படுக்கை வரிசை நான்கு மைல் நீளம், படுக்கைக்கும் படுக்கைக்கும் இடையே 18 அங்குலம்கூட இல்லை. பலர் இதை மிகை என்கிறார்கள். நாம் முதலில் போட்ட கணக்கை எடுங்கள். ஒரு தளத்துக்கு ஒரு சுற்று 934 மீட்டர். மூன்று தளம் என்றால் இரண்டே முக்கால் கிலோமீட்டருக்கு மேல். தாழ்வாரத்தின் இரு பக்கமும் படுக்கை போட்டால் ஐந்தரைக் கிலோமீட்டர். நான்கு மைல் என்பது ஆறரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்சுற்று சிறியது, கிழக்கே ஒரு தளம் கிடையாது, ஒரு பகுதி எரிந்து கிடந்தது என்று கழித்தாலும் அந்த அம்மையார் வெகுதூரம் தப்பிச் சொல்லவில்லை.

விளக்கேந்திய சீமாட்டி என்ற படம் நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள்வரை வந்திருக்கிறது. அந்தப் படங்களில் அவர் கையில் இருக்கும் அலாவுதீன் விளக்கு ஓவியர்கள் கொடுத்தது. அவர் பயன்படுத்தியது அந்த ஊர் ஃபனோஸ், மடித்து விரிக்கும் துணிக்கூட்டு விளக்கு. கையில் அலாவுதீன் விளக்கை வைத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் பத்தடி நடந்திருந்தால் அணைந்திருக்கும்.

எரிந்த பகுதியைப் பழுதுபார்த்தது அவருடைய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. டிசம்பரில் இன்னும் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள் என்று சேதி. இடமில்லை. அதிகாரிகள் யாரும் செலவுக்குப் பொறுப்பேற்கவில்லை. அமர்த்திய வேலையாட்கள் நடுவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நைட்டிங்கேல் வேறு ஆட்களைப் பிடித்து, தன் பணத்திலும் டைம்ஸ் பத்திரிகை திரட்டிய நிதியிலும் கூலி கொடுத்து, அந்தப் பகுதியை வார்டுகளாக்கிவிட்டார். அரசு பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. செவிலியர் என்பதற்கு முன்னால் அவர் ஒரு தேர்ந்த நிர்வாகி, ஏறக்குறைய ஒரு கட்டட மேஸ்திரி.

இத்தனைக்கும் பிறகு சாவு குறைந்ததா? கூடியது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்கூட்டாரி மருத்துவமனைகளில் 4,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42.7 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காயத்தால் சாகவில்லை. வயிற்றுப்போக்கு, சீதபேதி, காலரா, காய்ச்சல்.

இங்கேதான் குழாய் வருகிறது. கழிப்பறைகளிலிருந்து குழாய்கள் கட்டடத்துக்கு அடியில் ஓடும் சாக்கடைக்குள் இறங்கின. அந்தச் சாக்கடைகளுக்குச் சரியான சரிவு இல்லை, காற்றுப்போக்கி இல்லை. ஓடவேண்டியது தேங்கிக் கிடந்தது. இன்று நம் வீட்டுக் கழிப்பறையில் கோப்பைக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பிளம்பர் அதை டிராப் என்பார். சாக்கடை வாயு மேலே ஏறாமல் அந்தக் கையளவு தண்ணீர்தான் காக்கிறது. செலிமியேயில் குழாய்கள் திறந்தே இருந்தன. கடல் பக்கத்துக் காற்று அடிக்கும்போது சாக்கடைக் காற்று குழாய் வழியாக ஏறித் தாழ்வாரத்தில் படுத்திருந்தவர்கள் முகத்தில் அடித்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் குழாய் எத்தனை நாள் தாங்கும்? அடைத்துக்கொண்டது. கழிப்பறை முன்னறைகளில் கழிவு தரையில் பரவி நின்றது. அதற்குப் பதிலாக வார்டுகளுக்குள் பெரிய மரத் தொட்டிகளை வைத்தார்கள். அவற்றைக் காலி செய்ய யாருக்கு விருப்பம்? நாள் முழுக்க அப்படியே நிற்கும்.

இதே கட்டடத்தின் அடித்தளத்தில் படையோடு வந்த சிப்பாய்களின் மனைவிமார் இருட்டறைகளில் குடியிருந்தார்கள். சாராயம் விற்றது. ஒரு பகுதியில் புதிதாக வந்த படையினர் தங்கினார்கள். மருத்துவமனை, பாரக்ஸ், சத்திரம் மூன்றும் ஒரே கூரைக்கடியில், ஒரே சாக்கடையின் மேல்.

1855 மார்ச் மாதம் இலண்டனிலிருந்து சுகாதார ஆணையம் வந்தது. ஜான் சதர்லாந்து என்ற மருத்துவர், ஹெக்டர் கேவின் என்ற மற்றொரு மருத்துவர், ராபர்ட் ராலின்சன் என்ற பொறியாளர். அறிக்கை எழுதுவதோடு போய்விடாமல், செய்ய வேண்டியதைச் செய்து முடித்துப் பார்க்கவேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட ஆணை. அரசாங்க ஆணைகளில் இது அபூர்வம். முதல் இரண்டு வாரத்தில் 556 தள்ளுவண்டியும் கூடையுமாகக் குப்பை அள்ளினார்கள். செத்த பிராணிகளைப் புதைத்தார்கள். தண்ணீர் வரும் வாய்க்காலை ஆராய்ந்தால் அதனுள் ஒரு செத்த குதிரை. மருத்துவமனையின் ஒரு பகுதி குடித்துக்கொண்டிருந்தது அந்த நீரை. சாக்கடையில் தண்ணீர் விட்டு அலசினார்கள். கூரையில் காற்றுத் துளைகள் வெட்டினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எலிகள் குடியிருந்த அந்த மர மேடைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். படுக்கைகளை விலக்கிப் போட்டார்கள்.

ஜூன் மாதம் இறப்பு நூற்றுக்கு 2.2.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைதட்டல் வாங்குவது சுலபம். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இடையில் குளிர்காலம் முடிந்தது. கிரிமியாவில் சாப்பாடும் துணியும் மேம்பட்டதால் வந்த நோயாளிகள் முன்போல் எலும்பும் தோலுமாக வரவில்லை. கூட்டமும் குறைந்தது. சமையலுக்கு அலெக்சிஸ் சோயே என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு சமையல்காரர் வந்து சேர்ந்தார். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பிரித்துக் கொடுக்க முடியாது. சதர்லாந்தும் நைட்டிங்கேலும் நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பியவர்கள். அதே 1854 செப்டம்பரில் இலண்டன் பிராட் தெருவில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் குழாயடிக் கைப்பிடியைக் கழற்றவைத்து, காலரா தண்ணீரில் வருகிறது என்று வாதாடிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டாரிக்காரர்கள் கொண்டிருந்த கோட்பாடு தவறு. செய்த வேலை சரி. நாற்றத்தை ஒழிக்கப் போய்க் கிருமியை ஒழித்தார்கள்.

நைட்டிங்கேலுக்கு இது எப்போது உறைத்தது என்பதில் அறிஞர்கள் இடையே சண்டை உண்டு. ஹியூ ஸ்மால் என்பவர் 1998இல் எழுதிய நூலில், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகுதான், தன் மருத்துவமனையின் சாக்கடையே ஆட்களைக் கொன்றது என்று அவர் உணர்ந்தார், அந்த அதிர்ச்சிதான் அவரைப் படுக்கையில் தள்ளியது என்கிறார். நைட்டிங்கேலின் தொகுப்பு நூல்களைப் பதிப்பித்த லின் மக்டொனால்ட் இதை ஏற்கவில்லை. என் சாய்வு ஸ்மால் பக்கம், முழுமையாக அல்ல. குற்ற உணர்ச்சியை ஆவணத்திலிருந்து நிரூபிப்பது கடினம். ஒன்று மட்டும் உறுதி: 1858இல் அவர் வெளியிட்ட அந்தப் புகழ்பெற்ற வட்ட வரைபடங்களில், நீல நிறத்தில் விரிந்து நிற்பது தடுத்திருக்கக்கூடிய நோய்களால் வந்த சாவு. காயத்தால் வந்த சாவு நடுவில் ஒரு சிறு கீற்று.

செலிமியேக்கு நேர் எதிரான கட்டடம் ஒன்றையும் அதே போர் பெற்றெடுத்தது. ரயில் பாலங்களும் கப்பல்களும் கட்டிய இசம்பார்ட் புரூனலிடம் 1855 தொடக்கத்தில் ஒரு மருத்துவமனை கேட்டார்கள். அவர் மரத்தால் ஆன வார்டுகளைத் துண்டு துண்டாக இங்கிலாந்தில் செய்து கப்பலில் அனுப்பினார். டார்டனெல்ஸ் கரையில் ரென்கியோய் என்ற இடத்தில் அவற்றைக் கோர்த்தார்கள். ஒவ்வொரு வார்டும் தனித்தனி. இரு பக்கமும் காற்று. கழிப்பறையும் குளியலும் அந்தந்த வார்டின் கோடியில். கழிவுநீர் கடலை நோக்கிச் சரிவாக ஓடும். மின்விசிறி இல்லாத காலத்தில் கையால் சுற்றும் காற்றாடி வைத்துக் காற்றை உள்ளே தள்ள ஏற்பாடு. ஏறக்குறைய 1,300 நோயாளிகள் அங்கே தங்கினார்கள். இறந்தவர்கள் 50 பேர் அளவில். அங்கே போனவர்கள் அவ்வளவு மோசமான நிலையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்றாலும் மருத்துவமனைக் கட்டடம் என்பது மூடிய சதுரமாக இருக்கக் கூடாது, விரல்கள் விரித்த கையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு பலம் பெற்றது.

இதே பாடம் பாரக்ஸுக்கும் பொருந்தும் என்பது அடுத்துத் தெரிந்தது. 1857இல் நியமித்த அரச ஆணையம் இங்கிலாந்துக்குள்ளேயே, போரே இல்லாத காலத்தில், பாரக்ஸில் வாழும் சிப்பாய்களின் சாவைக் கணக்கெடுத்தது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 17க்கு மேல். அதே வயதுள்ள குடிமக்களிடையே 9 அளவில். உடற்தகுதி பார்த்துப் பொறுக்கியெடுத்த இளைஞர்கள், பொறுக்காதவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆளுக்குக் குறைந்தது 600 கன அடி இடம் என்ற விதி அப்போது வந்தது.

இனி நம் பக்கம். 1859இல் இந்தியாவிலுள்ள படையின் சுகாதார நிலை குறித்து மற்றோர் அரச ஆணையம். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சராசரி இறப்பு ஆயிரத்துக்கு 69 என்று 1863இல் வெளிவந்த அதன் அறிக்கை சொன்னது. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்விப் பட்டியல் அனுப்பி, வந்த பதில்களை வீட்டில் படுத்தபடியே படித்து, ஆணையத்துக்குத் தன் குறிப்புகளை எழுதினார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, ஒரு கூடத்தில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பவைதான் கேள்விகள். அடுத்த ஆண்டு மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய தளம், சுற்றிலும் வராந்தா, எதிரெதிர் சன்னல், ஒரு கூடத்தில் குறைந்த ஆட்கள். நம் கன்டோன்மென்ட்டுகளில் பார்க்கிற பழைய பாரக்ஸ் பலவற்றில் இந்த அமைப்பு தெரியும். 1873இல் நைட்டிங்கேல் மறுபடி கணக்குப் பார்த்தபோது அந்த 69, 18 ஆக இறங்கியிருந்தது. இந்தச் சலுகையெல்லாம் முதலில் வெள்ளைச் சிப்பாய்க்குத்தான். இந்தியச் சிப்பாய் தன் குடிசையைத் தானே கட்டிக்கொண்டு லைன்களில் கிடந்தான். அவனுடைய சாவை யாரும் அவ்வளவு கவனமாக எண்ணவில்லை.

1866இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர் பிரான்சிஸ் நேப்பியர் பிரபு. கிரிமியப் போரின்போது அவர் கான்ஸ்டான்டிநோபிள் பிரிட்டிஷ் தூதரகத்தில் செயலாளர். ஸ்கூட்டாரித் தாழ்வாரங்களைக் கண்ணால் பார்த்தவர். நைட்டிங்கேலை அங்கேயே அறிந்தவர். இங்கே வந்த பிறகு அவருக்கு எழுதி, சென்னையின் சுகாதாரக் காரியங்களில் ஆலோசனை கேட்டார். இந்திய நிர்வாகிகளில் நைட்டிங்கேலுக்கு நம்பிக்கையான தோழராக இருந்த சிலரில் ஒருவர். கட்டடக் கலையிலும் ஆர்வம் உள்ளவர். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோமை ஊக்குவித்தவர். திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் ஊரில் அவர் பெயர் நிற்பது நேப்பியர் பாலத்தில். 1869இல் இரும்பில் எழுந்தது முதல் பாலம். இப்போது நாம் பார்க்கும் கான்கிரீட் வளைவுகள் பிற்காலத்தவை, செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினார்களே, அதேதான். ஸ்கூட்டாரிச் சாக்கடையை முகர்ந்த மனிதரின் பெயரைக் கூவத்தின் கழிமுகத்துக்கு வைத்திருக்கிறோம். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

செலிமியேயின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்ததும் கட்டடம் துருக்கியரிடம் திரும்பியது. பக்கத்தில் ஹைதர்பாஷாவில் பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டம். அங்கே ஸ்கூட்டாரியில் செத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் பொறிக்காத மண்ணில் கிடக்கிறார்கள். அதே தோட்டத்தில், முதல் உலகப் போருக்குப் பின் அங்கு இறந்து எரியூட்டப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. இஸ்தான்புல் போகிற தமிழர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள்.

இதோடு ஒத்த காலத்தில் பிறந்த இன்னொரு பாரக்ஸின் கதி வேறு. தக்சிமில் செலிம் கட்டத் தொடங்கிய பீரங்கிப்படை பாரக்ஸ் வெங்காயக் குவிமாடங்களோடு அழகாக இருந்தது. 1920களில் அதன் முற்றம் கால்பந்து மைதானம். 1923 அக்டோபரில் துருக்கியின் முதல் சர்வதேசப் போட்டி, ருமேனியாவுக்கு எதிராக, அங்கேதான் நடந்தது, 2–2. 1940ஐ ஒட்டி அதை இடித்துப் பூங்கா போட்டார்கள். அதுதான் கெஸி பூங்கா. 2013இல் மரங்களை வெட்டிவிட்டுப் பழைய பாரக்ஸின் நகலை அங்கே மறுபடி எழுப்பப் போகிறோம் என்று அரசு சொன்னதும் நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தது. ஒரு பாரக்ஸைக் காப்பாற்றப் போராடிய ஊர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வரவேண்டாம் என்று போராடிய ஊர் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

செலிமியேயை யாரும் இடிக்கவில்லை, ஏனென்றால் படை அதை விட்டுக் கொடுக்கவில்லை. 1971இல் இராணுவம் அரசைக் கவிழ்த்தபோதும் 1980இல் ஆட்சியையே எடுத்துக்கொண்டபோதும் அது சிறையாகவும் இராணுவ நீதிமன்றமாகவும் பயன்பட்டது. பிறகு ‘யோல்’ படத்துக்காகக் கான் விழாவில் தங்கப் பனை பெற்ற யில்மாஸ் குனே அங்கே அடைபட்டிருந்தவர். மூடிய சதுரம், ஒரே வாசல், எல்லாம் கண்பார்வைக்குள். சிறைக்கு அதைவிடத் தோதான வரைபடம் கிடைக்காது. சிப்பாயை நகரத்திடமிருந்து காக்கச் செலிம் போட்ட சுவர், நகரத்தவரை உள்ளே வைக்கவும் உதவியது.

இன்று அது துருக்கியின் முதலாம் படைத் தலைமையகம். ஒரு கோபுரத்தில் நைட்டிங்கேல் அருங்காட்சியகம் இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிற இடம் அல்ல. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும், கடவுச்சீட்டு காட்ட வேண்டும், கூடவே ஒரு சிப்பாய் வருவார். போகிறவர்கள் கோபுர அறையில் விளக்கையும் மேசையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பொறியாளர்கள் யாராவது போனால், வழியில் தாழ்வாரத்தின் அகலத்தை ஓர் எட்டு வைத்து அளந்துவிட்டு வாருங்கள். இரண்டு வரிசைக் கட்டிலும் நடுவே நடக்க வழியும் அதில் எப்படிக் கொண்டது என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.